ஒரே வண்ணப்பட்டை கொடுத்தும் தெக்கோங் மட்டும் ஏன் மேடாகத் தெரிகிறது?

பிடோக்வாசி:
உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறேன். வகுப்புச் சுவரில் மாட்ட சிங்கப்பூரின் உயரப் படம் ஒன்றை ஏ3 தாளில் அச்சிட வேண்டும். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவை (ஒரு கட்டம் 30 மீட்டர்) கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் திறந்தேன். 104 பாகை கிழக்கில் வெட்டி இரண்டு கோப்புகளாக வருகிறது. இரண்டுக்கும் உயரத்துக்கேற்ப நிறம் தரும் சிங்கிள்பேண்ட் சூடோகலர், அதே விரிடிஸ் (கருஊதாவில் தொடங்கி பச்சை வழியாக மஞ்சளில் முடியும் வண்ணப்பட்டை), இரு முனையிலும் 2 சதவீதத்தை விட்டுவிடும் அதே 2–98 சதவீத கட். ஆனாலும் சாங்கியைத் தாண்டியதும் நிறம் மாறிவிடுகிறது. அங்குள்ள தெக்கோங் தீவு மேட்டு நிலம் மாதிரி பச்சையடிக்கிறது. தேசிய சேவைக்கு அங்கே இருந்தவன் நான், அப்படி எதையும் ஏறிய ஞாபகம் இல்லை! சரி என்று, மிகக் குறைந்த, மிக அதிக உயரங்களையே எல்லையாக்கும் மின்/மேக்ஸுக்கு மாற்றினால் மொத்தத் தீவும் கருஊதா. என்ன செய்வது?

கோட்டுப்படம்:
வண்ணப்பட்டையின் கீழ், மேல் எல்லையை மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. உங்கள் கிழக்குக் கோப்பில் பெரும்பகுதி கடல், எஸ்ஆர்டிஎம்மில் கடல் என்றால் 0. அத்தனை பூஜ்யமும் சேர்வதால் 98 சதவீத எல்லை கீழே இறங்கிவிடும், சின்ன மேடுகூட பட்டையில் மேலே ஏறிவிடும். மேற்குக் கோப்பில் ஜோகூர் நிலம் நிறைய. மின்/மேக்ஸ் வைத்தால் அங்குள்ள 654 மீட்டர் குனோங் பூலாய் மலை உள்ளே வந்துவிடுகிறது. நம் புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், பிறகு எப்படி நிறம் பிரியும்?

ராஸ்டர் மெனுவில் பில்ட் விர்ச்சுவல் ராஸ்டர் போட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு கோப்பையும் தனி பேண்டில் (அடுக்கில்) வைக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். அப்புறம் மின் 0, மேக்ஸ் 165 என்று கையாலேயே அடியுங்கள்.

பிடோக்வாசி:
ஒட்டு மறைந்துவிட்டது, நன்றி சார். இன்னொன்று: கடல்மட்ட உயர்வுப் பாடத்துக்காக 5 மீட்டருக்குக் கீழுள்ள நிலத்துக்குத் தனி நிறம் கொடுத்தேன். தீவில் சுமார் 30 சதவீதம் அப்படி என்று அரசாங்கமே சொல்கிறது. என் படத்தில் அவ்வளவு வரவில்லையே?

கோட்டுப்படம்:
வராது. இந்த எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. ரேடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை. வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கும் மரக்கூட்டமும் உயரத்தில் கலந்துவிடும். செங்குத்துப் பிழைக்கு எடுத்தவர்கள் வைத்த வரம்பே 16 மீட்டர். அதில் 5 மீட்டர் கோடு போட்டால் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். நானாக இருந்தால் போடவே மாட்டேன். அதற்குப் பிறகு துவாஸிலும் தெக்கோங்கிலும் தூர்த்த நிலம் வேறு இதில் கடலாகத்தான் இருக்கும்.

உயரத்தை மட்டும் காட்டுங்கள். இன்டர்போலேஷனை (நிறம் கலக்கும் முறை) டிஸ்கிரீட் (ஒரு படிக்கு ஒரே நிறம்) என்று மாற்றி 0, 15, 30, 60, 100, 165 என்று படிகள் கொடுங்கள். டிஸ்கிரீட்டில் ஒவ்வொரு எண்ணும் அந்தப் படியின் மேல் எல்லை. சம இடைவெளி வேண்டாம். பெரும்பாலான நிலம் தாழ்வு, மேல்படிகள் காலியாகக் கிடக்கும்.

வண்ணக்கிறுக்கி:
இடையில் நுழைகிறேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எக்ஸ்டென்டில் (எல்லையைக் கணக்கிடும் பரப்பு) அப்டேட்டட் கேன்வாஸ் பக்கம் போகாதீர்கள், ஜூம் செய்யும்போதெல்லாம் எல்லை மாறும். செய்த ஸ்டைலை கியூஎம்எல் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். விரிடிஸின் கருஊதாவில் கடலை அச்சிட்டால் மை குடிக்கும். 0 படிக்கு வெளிர்நீலம் கொடுங்கள்.

பிடோக்வாசி:
0-வை நோடேட்டா (தரவு இல்லை) ஆக்கிவிட்டால் கடலே மறைந்துவிடுமே, அது சுலபம் இல்லையா அக்கா?

வண்ணக்கிறுக்கி:
கரையோரத்தில் 0 என்று பதிவான நிலமும் சேர்ந்து மறையும். வெளிர்நீலத்தோடு கரைக்கோட்டை மேலே தனி லேயராகப் போடுங்கள்.