பான் மாட்யூல் மாற்றும் முன்: காரைக்குடி வட்டார அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:
ஃபைபர் இணையத்தின் வீட்டுப் பெட்டியான ஓஎன்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால், உடனே நிலையத்துப் பெட்டியான ஓஎல்டியில் ஒளியை அனுப்பும் பான் மாட்யூலைக் கழற்றாதீங்க. முதலில் வழியில் எவ்வளவு ஒளி இழக்கிறது என்று கணக்குப் போடுங்க. ஜிபான் முறையில் பி பிளஸ் வகை மாட்யூல் தாங்கும் இழப்பு 28 டெசிபெல். ஒளியை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டர் ஒன்றுக்கு 10.5, இரண்டு அடுக்கு என்றால் 21 அங்கேயே போச்சு. 6 கிலோமீட்டர் ஃபைபருக்கு 2.1, நாலு கனெக்டருக்கு 1.2, ஃபைபரை ஒட்டிய ஆறு ஸ்ப்ளைஸுக்கு 0.6. மொத்தம் 24.9. கையிருப்பு 3 டெசிபெல்தான், ஒரு கனெக்டரில் அழுக்கு ஏறினால் அதுவும் கரைந்துவிடும். சி பிளஸ் வகை மாட்யூல் 32 தாங்கும். ஆனால் அழுக்கைத் துடைக்காமல் அதற்கு மாறுவது வீண் செலவு.

தேவகோட்டையிலிருந்து:
ஜிபானைவிட வேகமான எக்ஸ்ஜிஎஸ்-பானுக்குப் போகிறவர்களுக்கு. ஜிபானில் வீட்டுக்கு இறங்கும் ஒளியின் அலைநீளம் 1490, ஏறுவது 1310 நானோமீட்டர். எக்ஸ்ஜிஎஸ் 1577, 1270. அலைநீளம் வேறு என்பதால் ஒரே ஃபைபரில், ஒரே ஸ்ப்ளிட்டரில் இரண்டும் ஓடும். இரண்டுக்கும் சேர்ந்த காம்போ மாட்யூல் வாங்கினால், இரண்டு ஒளியையும் ஒரே ஃபைபரில் சேர்க்கும் தனி டபிள்யூடிஎம் பெட்டி வெளியே வேண்டாம், அதன் இழப்பும் மிச்சம். எக்ஸ்ஜிஎஸ்-பானின் என்1 வகுப்பு மாட்யூல் 29 டெசிபெல் தாங்கும். சிக்கல் வளைவில்தான். அலைநீளம் கூடக்கூட வளைவில் ஒளி அதிகம் கசியும். 1490-ல் ஒழுங்காக ஓடிய லைன் 1577-ல் தடுமாறுவது இதனால்தான். ஃபைபரில் எங்கே இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் 1310, 1550 இரண்டிலும் பாருங்க. ஓரிடத்தில் 1550-ல் மட்டும் இழப்பு கூடினால் அது வளைவு. ஓடுகிற லைனில் 1650-ல்தான் சோதிக்கணும்.

கானாடுகாத்தானிலிருந்து:
அந்த வளைவு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நுழைந்து, வளவு தாண்டி, இரண்டாம் கட்டு வரை இழுத்தால் எத்தனை மூலை! ஆணி கிளிப்பை இறுக்கி அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு நசுங்கல். வீட்டுக்குள் ஜி.657.ஏ2 ஃபைபர் போடுங்க, அது 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளையும், சாதாரண ஜி.652.டி-க்கு 30 வேண்டும். முட்டைப் பூச்சுச் சுவரில் துளை போடவே கூடாது, அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. உத்தரத்தை ஒட்டியே கொண்டு போங்க. ஓஎன்டியை வளவிலேயே வைத்து, பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வைப்பது நல்லது. அந்தச் சுவர் கனத்துக்கு வைஃபை ஊடுருவாது.

பள்ளத்தூரிலிருந்து:
ஓஎல்டி மாட்யூலில் ஃபைபர் செருகும் வாய் நீலம், எஸ்சி யுபிசி என்ற கனெக்டர் வகை. ஓஎன்டி பக்கம் பெரும்பாலும் பச்சை, ஏபிசி. பச்சை முனை 8 டிகிரி சாய்வு. நீலத்தில் செருகினால் இடையே காற்றிடைவெளி விழும், முனையும் கீறும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை உள்ள பேட்ச் கார்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

காரைக்குடியிலிருந்து:
இன்னொன்று. மேஜையில் ஓஎன்டியை நேராக ஓஎல்டியோடு இணைத்துச் சோதிக்காதீங்க. பி பிளஸ் மாட்யூல் +5 டிபிஎம் (ஒளி வலிமையின் அளவு) வரை ஒளி விடும், ஓஎன்டி அதிகபட்சம் தாங்குவது −8. நடுவே ஒளியைக் குறைக்கும் 15 டெசிபெல் அட்டெனுவேட்டர் போடுங்க.

தேவகோட்டையிலிருந்து:
ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் இருக்கிற எல்லா வீட்டு இணைப்பும் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால், ஏதோ ஒரு ஓஎன்டியின் லேசர் தன் முறை வராமலே எரிந்துகொண்டிருக்கலாம். ஸ்ப்ளிட்டர் கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்க. எதைப் பிடுங்கியதும் மற்றவை நிலைக்கிறதோ, அந்த வீட்டுப் பெட்டியை மாற்றணும்.