மஸில்லோடர் (வாய் வழியா மருந்தும் குண்டும் போடுற துப்பாக்கி) பேரல் கழுவின ரெண்டே நாள்ல துரு பிடிக்குது, உதவி வேணும்

பனிக்காடு:
வணக்கம். நான் பென்சில்வேனியால இருக்கேன், இங்க டிசம்பர் 26லேர்ந்து ஓடுற வேட்டை சீசன்ல மஸில்லோடர்னா சிக்கிமுக்கிக் கல்லு வச்ச ஃபிளின்ட்லாக்தான் எடுத்துட்டுப் போகணும், அதுக்காக செகண்ட் ஹேண்ட்ல ஒரு 50 காலிபர் (குழல் அளவு அரை அங்குலம்) ஹாக்கன் மாடல் துப்பாக்கி வாங்கினேன். ரேஞ்சுல 15 ரவுண்டு சுட்டுட்டு அன்னிக்கு ராத்திரியே கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்தி கழுவி, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைச்சு, டபிள்யூடி-40 அடிச்சு சுவத்துல சாத்தி வைக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சு துணி விட்டா காவி கலர்ல வருது. இன்னொண்ணு, முதல் ரவுண்டு மட்டும் பேன்ல (வெளிய மருந்து போடுற சின்னக் கிண்ணம்) மருந்து குப்புன்னு பத்துது, உள்ள பத்தவே மாட்டேங்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

பழைய இரும்பு:
முதல்ல உள்ள லோடு ஏதும் இல்லையான்னு பாருங்க, காலி பேரல்ல ரேம்ராடை (குண்டை உள்ள தள்ளுற நீளக் கம்பி) அடி வரைக்கும் விட்டு வாய்ப்பக்கம் ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வரைக்கும் இறங்கினாதான் கழுவவே ஆரம்பிக்கணும்.
அடுத்தது கொதிதண்ணி வேண்டாம். சுடச்சுட இருக்கிற இரும்பு தண்ணி பட்டு காயுற அந்த நேரத்துலயே மெல்லிசா துரு கட்டிடும், வெதுவெதுன்னு தண்ணியும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பும் தாராளம். கரிமருந்துல முக்கால் பங்கு வெடியுப்புதான், மீதி கரியும் கந்தகமும். எரிஞ்சா பாதிக்கு மேல புகையா போகாம உப்பா உள்ளயே தங்கிடும், அதுல பொட்டாசியம் கார்பனேட் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து வச்சுக்கும். உப்பு தண்ணியிலதான் கரையும், எண்ணெயில கரையாது, உப்பு மேல எண்ணெய் போட்டா அடியில துரு அது பாட்டுக்கு வளரும்.
ஹாக்கன்னா உங்களுக்கு சுலபம், பேரலைக் கட்டையோட பிடிச்சிருக்கிற ஆப்பைத் தட்டி எடுத்துட்டு பேரலைத் தூக்கினா கொக்கியிலேர்ந்து கழண்டு வந்துடும். அடிப்பக்கத்தை வாளித் தண்ணியில வச்சு மேலேர்ந்து ஜேக்ல (ரேம்ராடு நுனியில துணி மாட்டுற முனை) துணி மாட்டி ஏத்தி இறக்குங்க, டச் ஹோல் (பேன்லேர்ந்து நெருப்பு உள்ள போற ஓட்டை) வழியா தண்ணி உறிஞ்சி வெளிய பீச்சும், வாளி கறுத்துடும்.

கூடலூர் காடு:
எங்க தாத்தா கிட்ட பயிர் காவலுக்கு லைசென்ஸ் போட்ட ஒத்தக்குழல் இருந்துச்சு, வெந்நீர் விட்டு வெயில்ல காயவச்சு தேங்கா எண்ணெய்தான் போடுவாரு, ஒரு பொட்டு துரு நான் பாத்ததில்ல.

பழைய இரும்பு:
தம்பி, ஊர்ல அது சரி. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், பென்சில்வேனியா குளிர்ல டச் ஹோலையே அடைச்சு நிக்கும்.

கல்லும் பொறியும்:
பனிக்காடு அண்ணா, சம்பந்தம் இருக்கு. ஹாக்கன் மாடல் நிறைய துப்பாக்கில அடியில பேட்டன்ட் ப்ரீச் இருக்கும், அதாவது பேரல் கடைசி வரைக்கும் 50 அளவுலயே போகாது, மருந்து உக்கார்ற இடத்துல குறுகி சின்ன அறையாயிடும். உங்க ஜேக் அந்த விளிம்புல முட்டி நின்னுடும், துணி வெள்ளையா வரும், ஆனா அறைக்குள்ள கரி அப்படியே இருக்கும். மேல அடிச்ச எண்ணெயும் வழிஞ்சு அங்கதான் சேருது, முதல் ரவுண்டு மருந்து நனைஞ்சா எப்படி பத்தும்? 30 காலிபர் பிரஷ்ல துணி சுத்தி விட்டுப் பாருங்க.

பனிக்காடு:
பண்ணிட்டேன். முதல் துணி மை மாதிரி கறுப்பா பிசுபிசுன்னு வந்துச்சு, அழுகின முட்டை நாத்தம். ஏழாவது துணிலதான் வெள்ளை. லைட் விட்டுப் பாத்தா அறைகிட்ட அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி தெரியுது, மனசே கஷ்டமாயிடுச்சு, முன்னாடி வச்சிருந்தவர் அங்க கைவைக்கவே இல்ல போல.

கல்லும் பொறியும்:
குழி ஆழமா இருந்தா துப்பாக்கி மெக்கானிக் கிட்ட காட்டாம சுடாதீங்க. லேசானதுன்னு அவர் சொன்னா கவலை இல்ல, ஆனா குழிக்குள்ள உப்பு ஒளிஞ்சுக்கும், அதனால கழுவினப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் துணி விட்டு ஈரத்தை எடுங்க. டபிள்யூடி-40 தண்ணியை விரட்டும், மாசக்கணக்குல காக்காது, துரு தடுக்குறதுக்குன்னே விக்கிற எண்ணெய் போடுங்க. மறுநாள் ஒரு துணி, ஒரு வாரம் கழிச்சு ஒரு துணி. வாயைக் கீழ பாத்து நிறுத்துங்க, அடியில பழைய துண்டு போட்டு. சுடப் போற அன்னிக்கு மறுபடி ஆல்கஹால் துணி விட்டு எண்ணெயை எடுத்துட்டு, உலர்ந்த துணி விட்டுட்டு அப்புறம் லோடு பண்ணுங்க.

பனிக்காடு:
இன்னிக்கு மூணாம் நாள், துணி வெள்ளையா வந்துச்சு. சனிக்கிழமை மெக்கானிக் கிட்ட எடுத்துட்டுப் போறேன், அவர் என்ன சொன்னார்னு இங்கயே போடுறேன்.