வயர்ஃப்ரேமில் தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வயர்ஃப்ரேம், அதாவது செயலியின் திரைகளைக் கோடுகளாலும் பெட்டிகளாலும் வரையும் முன்வரைவு, பழகத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு கைப்பேசிச் செயலியைப் பயிற்சிக்காக ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைகிறேன். கைப்பேசித் திரையைக் குறிக்கும் சட்டகத்தின் அகலம் 360 அலகுகள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரையின் அடியில் வரும் கீழ்ப்பட்டியின் ஐந்து பொத்தான்களில் ஒன்றில் ‘தவணையை நீட்டிக்க’ என்று எழுதியதும் சொல் பாதியில் உடைகிறது. எழுத்தை 9 அளவுக்குக் குறைத்தேன். அம்மாவால் படிக்க முடியவில்லை. நூலகரிடம் காட்டினேன். “பச்சை நிறம் நன்றாக இருக்கிறது” என்பதோடு முடித்துக்கொண்டார்.

பதில் 1:
எழுத்தின் மேல் கை வைக்காதீர்கள். 360ஐ ஐந்தாகப் பிரித்தால் ஒரு பொத்தானுக்கு 72தான் கிடைக்கும். அதில் அந்தச் சொல் எப்படி அமரும்? ஆனால் சிக்கல் அகலத்தில் மட்டும் இல்லை. கீழ்ப்பட்டி என்பது செயலியின் முக்கியப் பகுதிகளுக்குப் போகும் வழி. தவணை நீட்டிப்பு ஒரு புத்தகத்தின் மேல் செய்யும் வேலை. ‘என் புத்தகங்கள்’ பக்கத்தில், திருப்பித் தர வேண்டிய தேதிக்குக் கீழேயே அதை வையுங்கள். அங்கே முழு அகலமும் உங்களுக்குத்தான்! பொத்தானின் உயரம் 48க்குக் குறைய வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் பரிந்துரை அது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்வது 44. தமிழில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘கூ’வின் கால் கீழே இறங்கும், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

பதில் 2:
பச்சையை எடுத்துவிடுங்கள். நிறம் இருந்தால் பார்ப்பவர் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார். தாளில் பென்சிலால் வரைந்து எடுத்துப் போங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்காமல், “இந்தப் புத்தகத்துக்கு நாளை கடைசி நாள், என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பிறகு வாய் திறக்காமல் அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த மௌனம் கடினம், ஆனால் நான் அதில் கற்ற அளவு வேறெதிலும் கற்றதில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியில் இப்போது மூன்றே பொத்தான்கள். தாளோடு போனேன். நூலகர் ‘நீட்டிக்க’வின் மேல் விரலை வைத்துவிட்டு, “இதே புத்தகத்துக்கு வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் நீட்டிக்க முடியாதே, அப்போது என்ன காட்டும்?” என்றார். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அதற்குத் தனிப் பக்கம் வரைய வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். அதே பக்கத்தின் இன்னொரு நிலை அது. சட்டகத்தை நகலெடுத்து அருகில் வையுங்கள். பொத்தான் இருந்த இடத்தில் ‘வேறொருவர் காத்திருக்கிறார், 14ஆம் தேதிக்குள் திருப்பித் தரவும்’ என்று எழுதுங்கள். கடன் வாங்கிய புத்தகம் ஒன்றுகூட இல்லாதபோது அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதையும் அப்படியே வரைந்துவிடுங்கள்.