1986 டிரிப் ஷீட்டில் மைலேஜ் இறங்குகிறது: காரணம் டிரைவரா, வண்டியா? (பழைய சங்ககிரி லாரிக் கணக்கு)

கொங்குப்பதிவு:

வணக்கம். எங்கள் குடும்பம் சங்ககிரியில் நடத்திய லாரி கம்பெனியின் காகிதங்களை ஒழுங்குபடுத்தி, அதில் ஓடிய டிரைவர்களைப் பற்றி ஒரு பதிவு எழுதப் போகிறேன். கையில் இருப்பவை: 1976 முதல் 1992 வரையிலான டிரிப் ஷீட்டுகள் (ஒவ்வொரு நடையின், அதாவது பயணத்தின், வரவு செலவுத் தாள்), எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகங்களின் அடிக்கட்டை, ஐந்து டாடா 1210 வண்டிகளின் ஆர்.சி. நகல்கள், பங்க் பாஸ்புக் இரண்டு. விவரம் தெரிந்தவர்களிடம் நான்கு கேள்விகள்.

ஒன்று, "ஏ.கூ.", "இ.கூ.", "வ.செ.", "நாகா" என்று செலவுப் பக்கத்தில் வருபவை என்ன? இரண்டு, வடக்கே போன நடை எல்லாவற்றிலும் இரண்டு டிரைவர் பெயர் இருக்கிறது, ஏன்? மூன்று, ஜவ்வரிசி லோடு என்றால் எப்போதும் 111 மூட்டைதான். அதில் ஏதாவது கணக்கு உண்டா?

நான்காவதுதான் முக்கியம். 1986ல் ஒரே வண்டி, ஒரே பெரிய டிரைவர் (இருவரில் பொறுப்பானவர்), ஒரே ரூட்: சங்ககிரி – பம்பாய் – நாசிக் – சங்ககிரி, சுமார் 2,700 கி.மீ. பிப்ரவரியில் 600 லிட்டர் டீசல், மார்ச்சில் 643, மே மாதம் 710. அதாவது லிட்டருக்கு 4.5, 4.2, 3.8 கி.மீ. மே ஷீட்டில் தாத்தா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். டீசல் விற்றிருப்பாரோ என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பல வருஷம் உழைத்த மனிதரைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாது. அதனால் கேட்கிறேன்.

வாடகைச்சிட்டை:

முதலில் சுருக்கங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழிச்செலவு. வழிச்செலவில் பஞ்சர், எடைமேடை, டிரங்க் கால், செக்போஸ்ட் "பழக்கவழக்கம்" (மாமூல்) எல்லாம் அடங்கும். ரசீது இல்லாத செலவுக்கெல்லாம் அந்த ஒரே தலைப்புதான். நாகா என்பது மகாராஷ்டிரா, குஜராத் ஊர்களின் ஆக்ட்ராய் (சரக்கு நுழைவு வரி) சாவடி. சரக்கு அந்த ஊரில் இறங்காமல் கடந்து போனாலும் ட்ரான்சிட் சீட்டு போட வேண்டும். பம்பாயில் இது 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை இருந்தது.

111 மூட்டைக்குக் கணக்கு உண்டு. சேலம் ஜவ்வரிசி 90 கிலோ மூட்டை. 111 × 90 = 9,990 கிலோ, பத்து டன்னுக்குப் பத்து கிலோ குறைவு. ஆர்.சி. நகலில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 16.2 டன் என்றிருந்தால், வெற்று வண்டி ஆறு டன்னையொட்டி இருக்கும், அது போகச் சரியான அளவு லோடு. ஆர்.சி.யில் அதைவிடக் குறைவான எடை போட்டிருந்தால் கூடுதல் பாரம் ஏற்றியிருக்கிறார்கள், ஸ்பிரிங், டயர் செலவிலும் அது தெரியும்.

எல்.ஆர். அடிக்கட்டையில் "டு பே" என்றிருந்தால் வாடகை இறக்குமிடத்தில் வாங்க வேண்டியது, "பெய்டு" என்றால் ஏற்றும்போதே வந்துவிட்டது. இதைக் கவனிக்காமல் வரவைக் கூட்டினால் ஒரே வாடகை இரண்டு முறை ஏறிவிடும். ஏனென்றால் டிரிப் ஷீட்டில் வருவது வாடகை அல்ல, டிரைவர் கைக்கு வந்த பணம்: புக்கிங் ஆபீஸ் அட்வான்ஸ், இறக்கிய இடத்தில் வாங்கிய பேலன்ஸ், ரிட்டர்ன் லோடு அட்வான்ஸ். அதிலிருந்து செலவும் படியும் கழித்து மீதியைக் கணக்கு முடிக்கும்போது கொடுப்பார். செலவு மிஞ்சினால் "தர வேண்டியது" என்று அடுத்த நடைக்குத் தள்ளுவார்கள்.

இனி டீசல். டேங்க் நிரப்பிக் கிளம்பி, திரும்பி வந்து மறுபடி நிரப்பினால்தான் மைலேஜ் கணக்கு நிற்கும். ஊர் பங்கில் போட்ட டீசல் கடனில் போயிருக்கும், அது பாஸ்புக்கில் இருக்குமே தவிர டிரிப் ஷீட்டில் வராது. பிப்ரவரி கடைசியில் நிரப்பியது மார்ச் பக்கத்தில் விழுந்திருந்தால் இரண்டு மாதமும் தப்பாகத் தெரியும். பாஸ்புக் தேதியையும் ஷீட்டில் வண்டி கிளம்பிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலோமீட்டரும் அப்படித்தான். ஸ்பீடோமீட்டர் கேபிள் அடிக்கடி அறுந்துவிடும், அப்போது ரூட்டுக்கு வழக்கமான தூரத்தை ஆபீஸிலேயே எழுதிவிடுவார்கள். எல்லா நடையும் முழு எண்ணாக 2,700 என்றிருந்தால் அது மீட்டர் காட்டிய தூரம் அல்ல.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் 110 லிட்டர் வித்தியாசம் நின்றால், அந்தக் காலத்து முதலாளி யாரும் முதலில் சந்தேகப்படுவது டீசலைத்தான்.

பட்டறைவாசல்:

முதலாளி சந்தேகப்படலாம், நாம் அவசரப்பட வேண்டாம். டீசலைத் திருடினால் மைலேஜ் ஒரு நடையில் விழும், அடுத்த நடையில் ஏறும். 4.5, 4.2, 3.8 என்று படிப்படியாக இறங்குவது பெரும்பாலும் தேய்மானம். இதைக் கண்டுபிடிக்க அதே ஷீட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, வழியில் ஊற்றிய இஞ்சின் ஆயில். நடைக்கு நடை ஏறிக்கொண்டே போனால் இஞ்சினின் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் போன இஞ்சின் மேட்டில் இழுக்காது, டிரைவர் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும், டீசல் குடிக்கும்.

இரண்டாவது, இஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப், அதைத் தூவும் நாசில். மைக்கோ பம்ப்பில் அளவு கூடிப் போனாலோ, நாசில் பூப்போலத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விட்டாலோ, டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாகப் போகும். "புகை" என்று ஒரு சொல் எங்காவது எழுதியிருந்தால் அது பெரிய தடயம். ஏர் கிளீனர் அன்றைக்கு ஆயில் பாத் வகை. வடக்கு லைன் புழுதியில் அடியில் சேறு கட்டிவிடும், கழுவி ஆயில் மாற்றாவிட்டால் காற்று பத்தாமல் அதே கரும்புகைதான். ஆனால் கழுவினால் உடனே சரியாகும். பம்ப் கோளாறு கழுவினால் போகாது.

மூன்றாவது, பிரேக். ஆயில் பிரேக் வண்டியில் வீல் சிலிண்டருக்குள் ரப்பர் பக்கெட் (கிண்ண வாஷர்) உப்பிப்போனால் பிஸ்டன் திரும்பி வராது, பிரேக் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். வழியில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணெயைப் பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றுவதுதான் பக்கெட் உப்பக் காரணம். வண்டியை நிறுத்தி டிரம்மை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கும். நல்ல கிளீனர் டீக்கடையில் இறங்கியதும் செய்கிற முதல் வேலை அது. அடுத்தது டயரை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. காற்று இருந்தால் கணீர் என்று கேட்கும், குறைந்திருந்தால் பொத்தென்று கேட்கும். பின் ஜோடி டயரில் ஒன்றில் காற்று இல்லாமல் ஓடினால் மற்றது முழு பாரத்தையும் தாங்கிச் சூடாகி வெடிக்கும். 9.00-20 டயர் இரண்டு போனால் அந்த நடையின் லாபமும் போச்சு.

இதோடு இன்னொன்று. அந்த வண்டியை இடையில் வேறு டிரைவர் ஓட்டிய நடை இருக்கிறதா? அவர் கையிலும் குறைவாக இருந்தால் விஷயம் முடிந்தது.

கொங்குப்பதிவு:

ரொம்ப நன்றிங்க. பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்தேன், தேதிகள் சரியாகத்தான் இருக்கின்றன. கிலோமீட்டரும் மீட்டர்படி எழுதியதுதான்: 2,694, 2,708, 2,701.

இஞ்சின் ஆயில்: பிப்ரவரி 2 லிட்டர், மார்ச் 4, மே 7. ஏப்ரலில் பெரிய டிரைவர் லீவு, மாற்று டிரைவர் பொறுப்பில் போன நடைக்கு 3.9. மே ஷீட்டின் ஓரத்தில் பென்சிலில் "மேடு இழுக்கல, புகை" என்றிருக்கிறது, அது டிரைவர் கையெழுத்து. ஜூனில் சேலத்தில் பம்ப், நாசில் வேலை, அதன் பிறகு 4.1. ஆகஸ்டில் லைனர், பிஸ்டன், ரிங் செட் வாங்கிய பில், அதற்கடுத்த நடை 4.5.

பட்டறைவாசல்:

அப்புறம் என்னங்க, தெளிவாகிவிட்டது. 2,700 கி.மீ.க்கு 7 லிட்டர் ஆயில் என்றால் ரிங் போய்விட்டது. பம்ப் வேலையில் 0.3 திரும்பியது, இஞ்சின் வேலையில் மீதி 0.4 திரும்பியது. சிவப்பு வட்டத்தை மட்டும் எழுதாதீர்கள், அந்தப் பென்சில் வரியையும் சேர்த்து எழுதுங்கள். கோளாறை முதலில் கண்டு சொன்னவர் அந்த டிரைவர். ஆகஸ்ட் வரை இழுத்தடித்தது கம்பெனிதான். தவணை கட்ட வேண்டிய மாதத்தில் இஞ்சினை இறக்க எந்தக் குடும்பத்துக்கும் மனசு வராது, ஏனென்றால் வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் வரவு இல்லை. ஆர்.சி.யில் ஹெச்.பி. (தவணைக் கடன்) என்று ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள், தவணை எப்போது முடிந்தது என்பதும் தெரியும்.

வடக்குலைன்:

இரண்டு டிரைவர் விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை. 1975ல் நேஷனல் பெர்மிட் (பல மாநிலங்களில் ஓட ஒரே அனுமதி) வந்தது. அதற்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பந்தம், எதிர்க்கையெழுத்து என்று அலைய வேண்டும். நேஷனல் பெர்மிட் வண்டிக்குக் குறைந்தது இரண்டு டிரைவர் என்பதை 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் பார்க்கலாம், 2018ல்தான் எடுத்தார்கள். விதி ஒரு பக்கம் இருக்க, பம்பாய் நடைக்கு இரவில் ஓட்ட ஒருவர், பகலில் ஓட்ட ஒருவர் இல்லாமல் கட்டுப்படியாகாது. அதே விதிகளில் வண்டிக்கு வயசு வரம்பும் உண்டு: இரண்டச்சு வண்டிக்கு 12 வருஷம். உங்கள் கணக்கில் 1990க்குப் பிறகு சில வண்டிகள் திடீரென்று உள்ளூர் சிமெண்ட் லோடுக்கு மாறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மைலேஜைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குறைவாக இருந்தால் சந்தேகப்படுகிறோம், அதிகமாக இருந்தால் பாராட்டுகிறோம். இரண்டும் தப்பாகப் போகலாம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மைலேஜ் ஏறும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூரில், பூனாவிலிருந்து பம்பாய்க்கு இறங்கும் கண்டாலாவில், முழு லோடோடு அப்படி விட்டால் இஞ்சின் பிடி இருக்காது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டும். டிரம் சூடேறி விரியும், லைனர் பிடிக்காது. ஆயில் பிரேக்கில் ஆயிலே கொதித்து, பெடல் தரை வரைக்கும் போய்விடும். ஏர் பிரேக்கில் இஞ்சினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும், நாலைந்து மிதியில் டேங்க் காற்று தீர்ந்துவிடும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் பழைய டிரைவர்களின் பாடம். அதைக் கடைப்பிடித்தவர் ஷீட்டில் மைலேஜ் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அவர் வண்டிதான் வீடு வந்து சேரும். மைலேஜ் வைத்து இனாம் கொடுத்த கம்பெனிகள் நியூட்ரலுக்குப் பழக்கியதும் உண்டு.

செலவுப் பக்கத்தில் "பட்டை" என்று வந்தால் ஸ்பிரிங் பட்டை. மெயின் பட்டை நடுவில், சென்டர் போல்ட் துளையில் உடைந்தது என்றிருந்தால் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்து ஓடியிருக்கிறது. புதுப் பட்டை போட்டால் முதல் லோடு ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும், அதைச் செய்யாத வண்டியில் அதே பட்டை மறுபடி உடையும். நடுவழியில் உடைந்தால் சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து, சங்கிலி போட்டுக் கட்டி, மெதுவாக அடுத்த ஊர் வரை நகர்த்துவார்கள்.

ஜவ்வரிசி என்பதால் தார்ப்பாய்ச் செலவையும் பாருங்கள். நனைந்தால் மூட்டைக்குள் ஜவ்வரிசி கட்டிதட்டிவிடும், பார்ட்டி (சரக்குக்காரர்) அதை வாடகையில் பிடிப்பார். பின் தார்ப்பாயை முதலில் விரித்து, முன் தார்ப்பாயின் ஓரம் அதன் மேல் இரண்டடி ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். கிளம்பிய முதல் 50 கி.மீ.யில் மூட்டை படிந்து கயிறு தொய்யும், அங்கே நிறுத்தி ஒரு இறுக்கு. நார்க்கயிறு மழையில் நனைந்தால் விறைத்து இறுகும், காய்ந்ததும் தளரும். அதனால் மழை விட்ட பிறகும் ஒரு இறுக்கு. ஒரு நடையில்கூட "மூட்டை சேதம்" பிடித்தம் இல்லாத டிரைவர் உங்கள் காகிதத்தில் இருந்தால் அவர் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள்.

வாடகைச்சிட்டை:

வடக்குலைன் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், மைலேஜ் ஒன்றை வைத்து ஆளை எடைபோட முடியாது.

பதிவு எழுதுபவருக்கு இன்னும் இரண்டு. ஆர்.சி.யில் இருக்கும் பெயரை வைத்து முதலாளி யார் என்று முடிவு செய்யாதீர்கள். அண்ணன், தம்பி, மச்சான், சில இடத்தில் பங்கு போட்ட டிரைவர் என்று பல பெயரில் வண்டி ஓடும். பேரேட்டில் லாபம் எப்படிப் பிரிந்தது என்பதைப் பார்த்தால்தான் பங்கு தெரியும். டிரைவர் பெயரில் வருஷக் கடைசியில் "பங்கு" என்று ஒரு வரி இருந்தால் அவர் சம்பளக்காரர் மட்டும் அல்ல. இந்தப் பக்கத்தில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கால் பங்கு அரைப் பங்கு வாங்கி முதலாளியானவர்கள் நிறைய. அந்தப் பாதை பேரேட்டில்தான் தெரியும், டிரிப் ஷீட்டில் தெரியாது.

பழைய டிரைவர்களிடம் பேசப் போகும்போது வருஷத்தைக் கேட்காதீர்கள், ஷீட்டையே கையில் கொடுங்கள். எந்த ஊரில் டீசல் போட்டோம், எங்கே பம்ப் ஸ்டவ் பற்ற வைத்துச் சோறாக்கினோம் என்று செலவு வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வருவார்கள். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள். கார்பன் எழுத்து தேய்ந்தால் போய்விடும். குண்டூசி துருப்பிடித்திருந்தால் இழுக்காமல் நுனியை நிமிர்த்தி எடுங்கள், செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுத்தால் மங்கின பென்சில் வரியும் தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள், டீசல் பில்லை அங்கேதான் ஒட்டியிருப்பார்கள்.