தமிழ்ப் படக்கதை எழுதியாச்சு, அடுத்து என்ன?

செங்காங்வாசி:
பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு (5, 6 வயது) ஒரு கதை, 1,100 சொல். ஓவியர் தயார். சிங்கப்பூரில் சொந்தமாக அச்சிட எண்ணம். எத்தனை பக்கம் வைப்பது? ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) எங்கே வாங்குவது? ஓவியரிடம் என்ன எழுதி வாங்கணும்?

கிளிமூக்கு:
முதலில் கத்தரியை எடுங்க. இந்த வயதுக்கு 300 சொல் தாராளம். "போகவேண்டியிருந்தது" என்பதே நமக்கு ஒரு சொல். ஆங்கிலப் புத்தகத்தின் 500 சொல் கணக்கு இங்கே ஒத்துவராது. படத்தில் தெரிவதை வரியில் திரும்பச் சொல்லும் இடங்கள்தான் முதலில் போகணும்.

32 பக்கம் வைங்க. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4இன் மடங்கில் வரணும். தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம் முதல் 3 பக்கம். 4 முதல் 31 வரை கதைக்கு 14 இரட்டைப் பக்கம். 8 ஏ4 தாளை மடித்து மாதிரிப் புத்தகம் செய்து, வாய்விட்டு வாசிங்க. தமிழில் வினை கடைசியில் வருவது வசதி: "பூனை மெல்ல மெல்ல மேசைமேல்..." பக்கம் புரட்டினால் "தாவியது!" ஆங்கிலத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

நீலமை:
ஐஎஸ்பிஎன் தேசிய நூலக வாரியத்தில், கட்டணமில்லை. மின்னூலுக்குத் தனி எண். புத்தகம் வெளியான 4 வாரத்துக்குள் 2 பிரதி வாரியத்திடம் ஒப்படைக்கணும், அது சட்டம்.

ஓவியர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காசு கொடுத்துவிட்டால் படம் நம்முடையது என்று நினைப்பு. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை வரைந்தவருக்கே. மறுபதிப்பு, மின்னூல், வேற்றுமொழிப் பதிப்பு மூன்றுக்கும் அனுமதி உண்டா, பென்சில் கட்டத்தில் எத்தனை தடவை திருத்தலாம், அட்டையில் அவர் பெயர் எங்கே வரும், எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வண்ணம் பூசிய பிறகு திருத்தம் கேட்டால் சண்டைதான்.

செங்காங்வாசி:
நன்றி. எழுத்தை ஓவியரே படத்துக்குள் வரைந்து தரலாமா?

நீலமை:
வேண்டாங்க. ஒரு பிழை வந்தாலும் படம் முழுக்கத் திரும்ப வேலை. எழுத்து தனி அடுக்கில், வெறும் கறுப்பு மையில் இருக்கட்டும். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் "கொ"வின் கொம்பு பிய்ந்து பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தார் கண்ணில் அது படாது. பிடிஎஃப்பை நீங்களே எழுத்தெழுத்தாகப் பாருங்க. படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), தாளை வெட்டும்போது போவதற்காக நான்கு ஓரமும் 3 மிமீ கூடுதல்.

கிளிமூக்கு:
ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் வெளியிடுவதாக இருந்தால் ஓவியரிடம் இப்போதே தேதி பேசிக்கோங்க. 14 இரட்டைப் பக்கமும் அட்டையும் ஒரு மாதத்தில் முடியாது.