புதுப்பிப்பு: திருபுவனம் பட்டும் தானே கோத்துக்கொள்ளும் புரதங்களும்

பட்டு நூலின் ஃபைப்ராயின் புரதத்தைக் கரைத்தாலும் அது மீண்டும் நுண்ணிழைகளாகச் சேர்ந்துகொள்ளும் என்று முன்பு எழுதியிருந்தேன். "யார் கோக்கிறார்கள்?" என்று கேட்டார் கும்பகோணத்து நண்பர்.

யாரும் கோக்கவில்லை. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின், செரின் ஆகிய சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் புரதச் சங்கிலிகள் நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பீட்டா தகடுகள் எனப்படும் தட்டையான அடுக்குகளாக இறுகுகின்றன. சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நூலின் மேல் ஒட்டியிருக்கும் செரிசின் பசையை நீக்கும்வரை, கும்பகோணம் அருகே பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனத்துப் பட்டறைக்கும் ஆய்வகத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. அதன்பின் ஆய்வகத்தில் லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் நூலையே கரைத்துவிடுகிறார்கள். (நெசவாளரிடம் சொன்னால் அடிக்க வருவார்.)

இப்படித் தானே கோத்துக்கொள்பவற்றில் என்னை அதிகம் அசத்துவது ராடா-16 என்ற செயற்கைப் புரதத் துண்டு. விஞ்ஞானி ஷுகுவாங் ஜாங் ஈஸ்ட் புரதம் ஒன்றில் கண்ட அமினோ அமில வரிசையிலிருந்து கிளைத்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. மொத்தமே 16 அமினோ அமிலங்கள். ஒரு முகத்தில் நீரை வெறுக்கும் அலனின். மறுமுகத்தில் நேர், எதிர் மின்சுமைகள் மாறி மாறி. அமிலக் கரைசலில் அது எளிதில் ஓடும். இரத்தம் பட்டதும் அமிலத்தன்மை தணிகிறது, உப்புகள் கலக்கின்றன; சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகள் வலையாகப் பின்னிக் கூழாகின்றன. கூழில் பெரும்பகுதி தண்ணீர்தான். எண்டோஸ்கோப்பியின்போது குடலில் கசியும் இரத்தத்தை நிறுத்த இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பழைய பட்டுச்சேலையைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது ஐயா. அதில் சாயமும் சரிகையும் இருக்கின்றன, கிருமி நீக்கமும் செய்யப்படவில்லை. அறுவை சிகிச்சைப் பட்டு நூல் அதற்கெனவே தயாராவது.