கண்ணாடி இழை ஊருக்கு வந்துவிட்டது. வெள்ளச் செய்தி வீட்டுக்கு வருமா?

தென்கால்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தாமிரபரணி ஆற்றிலிருந்து பிரியும் ஸ்ரீவைகுண்டம் தென்கால் வாய்க்காலின் பாசனத்தில் உள்ளது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை இந்தப் பக்கத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஊரில் முதலில் மின்சாரம் நின்றது, சில மணி நேரத்தில் கைப்பேசிச் சிக்னலும் போயிற்று. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது, மேலே எந்தக் குளம் உடைந்தது என்று தெரியாமல், ஆற்றின் இரைச்சலைக் கேட்டபடி இரவு முழுவதும் மாடியில் இருந்தோம். இப்போது, ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்திருக்கிறது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இந்த இணைப்பு உதவ வேண்டுமென்றால் கிராம சபையில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

கோபுரப் பணியாளர்:
அண்ணாச்சி, பதினைந்து ஆண்டுகளாகக் கைப்பேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். செல் பிராட்காஸ்ட் முறையில், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும், அவ்வசதி கொண்ட எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரும்; ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பும் குறுஞ்செய்தியைப் போல அது நெரிசலில் சிக்காது, இணையமும் வேண்டியதில்லை. 2023இல் மாநிலம் மாநிலமாக இதைச் சோதித்தபோது கைப்பேசிகள் ஒருசேர அலறியது நினைவிருக்கும். ஆனால், கோபுரம் அணைந்துவிட்டால் இதில் எதுவும் நடக்காது. மின்சாரம் நின்றபின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதன்பின் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், சாலை அறுந்திருந்தால் அந்த டீசல் வராது. ஆகவே, வேகமான இணைப்பைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கோபுரத்துக்குச் சூரிய மின்தகடும் கூடுதல் பேட்டரியும் கேளுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் இழைப் பெட்டி தரையோடு இருந்தால், 2023 வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் படிந்ததோ அதற்கு மேலே அதை ஏற்றச் சொல்லுங்கள்.

பழைய களப்பணியாளர்:
மேலே சொன்னது சரி, ஆனால் செய்தி கடைசி வீட்டைச் சேரும் வழியையும் பார்க்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் இணையத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினியைத் தொட்டறியாத மீனவரும் அதைக் கேட்டுவிட்டே கடலுக்குப் போனார். சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, அதே பகுதியில் உள்ள நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை ஊர் ஒலிபெருக்கி உடனே பரப்பியதால், மக்கள் கடற்கரையை விட்டு விலகிப் பிழைத்தார்கள். வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டபின் தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டமும், கொடியும் கைஒலிபெருக்கியும் ஏந்திய தன்னார்வலர்களை நம்பித்தான் வளர்ந்தது. 2027 முடிவதற்குள் உலகில் எல்லோரையும் முன்னெச்சரிக்கை எட்ட வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு, ஆனால், வருமானம் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 27 பேர்தான் இணையத்தைப் பயன்படுத்துவதாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் கணக்கிட்டது. மற்றவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்பதை ஒவ்வோர் ஊரும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். உங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளுக்கு பேட்டரி வசதி செய்யுங்கள்.

மானூர் மானாவாரி:
வெள்ளம் எப்போதாவது வருவது; எங்கள் பக்கம் மழை பொய்ப்பதுதான் பெரும்பாடு. வானிலைத் துறை 2024 அக்டோபர் முதல் ஊராட்சி அளவில் முன்கணிப்பு தருகிறது. அது செயலிக்குள்ளேயே கிடந்தால் உளுந்து விதைப்பவனுக்கு என்ன பயன்? அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையில் தினமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அத்துடன் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்காரர்களை விதைப்புக்கு முன் ஒருமுறை காணொளியில் பேச வைத்தால், நாங்கள் எதிர்க்கேள்வி கேட்கவும் வழி பிறக்கும்.

தென்கால்வாசி:
மூவருக்கும் நன்றி. எங்களுக்கு இன்னொன்றும் வேண்டும். "பாபநாசத்தில் இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு" என்ற செய்தியிலிருந்து, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும், முழங்கால் அளவா இடுப்பளவா என்பது யாருக்கும் விளங்குவதில்லை. அதைக் கணிக்க முடியுமா?

பழைய களப்பணியாளர்:
முடியும், ஐயா. 2023இல் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இப்போதே பதிவு செய்யுங்கள். அணையில் திறந்த நீரின் அளவையும், மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைக் கடந்த நேரத்தையும் நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் சேரும் காட்டாற்று நீரையும் குளங்கள் நிரம்பி வழியும் மறுகால் நீரையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அவை அணைக் கணக்கில் வராது. சுவரில் படிந்த கறை வெள்ளையடிப்பில் மறைவதற்குள் இதைத் தொடங்குவது நல்லது.